அயலக வாழ்வின் ஏமாற்றமும் ப. சிங்காரத்தின் இரு நாவல்களும்

அயலகத் தமிழர் பற்றிய புனைவுகளை ஊர் ஏக்கத்தின் இலக்கியமாகவே காணும் போக்கு உண்டு. 1938இல் பணியின் பொருட்டு மேடானுக்குச் சென்ற ப. சிங்காரத்தின் இரு நாவல்களும் இப்போக்கை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

'கடலுக்கு அப்பால்' (1959) நாவலின் செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் போரிட்டவன். வட்டித் தொழிலுக்கு இனி அவன் பொருந்தான் எனக் கருதும் முதலாளி, மகளை மணமுடித்துத்தர மறுக்கிறார். அவன் அவ்விழப்பை மனவுறுதியால் ஏற்கிறான். 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலின் பாண்டியனோ மதுரைத் தெருக்களை நினைந்து உருகுபவன். தமிழரின் பழம்பெருமைப் பேச்சை எள்ளுபவனும் அவனே. நினைவு ஆறுதல் தருகிறது. எள்ளல் அந்நினைவில் மூழ்கிவிடாமல் காக்கிறது. ஆசிரியரின் வளர்ச்சி இங்கு வெளிப்படுகிறது எனலாம்.

அயன்மையை உணரக் கடல் கடக்க வேண்டுவதில்லை. வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குச் செல்லும் தமிழர்க்குப் பெயர்ப்பலகையின் எழுத்தே மாறிவிடுகிறது. எனினும், வேலை முடிந்து அன்றே ஊர் திரும்ப அவர்க்கு வழியுண்டு. பாண்டியனுக்கு அது வாய்க்கவில்லை. ஊர் திரும்ப விழைந்தவன் அயல்மண்ணிலேயே மடிகிறான். எள்ளல் துயரைத் தாங்கத் துணைபுரியுமேயன்றித் தீர்க்காது என்பதே இந்நாவல்வழிப் பெறப்படும் முடிவாகும்.