முதல் வெளிநாட்டுப் பயணமா? பினாங்குக்குப் போங்கள்!

கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் பக்கமிருந்து யார் முதன்முதலாகக் கடல் தாண்டி ஊர் பார்க்கக் கிளம்பினாலும் நான் சொல்வது ஒரே ஊர்தான்: பினாங்கு. துபாயும் பாங்காக்கும் எங்கும் போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன், மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகர். அந்த ஊரை நான் அவ்வளவு நேசிக்கிறேன். கரிசல்காட்டில் பிறந்த ஒவ்வொருவரும் அந்தத் தெருக்களில் ஒருமுறையாவது நடந்துவிட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

திட்டம் போட உட்கார்ந்தால், பயணத்தின் முதல் நாளை எட்டயபுரத்தில் வையுங்கள். ஆம், நம்ம எட்டயபுரம்தான். பாரதி பிறந்த வீடு, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம், திருவாரூரில் பிறந்து 1835இல் இங்கே கண்மூடிய முத்துசாமி தீட்சிதரின் சமாதி, இவர்களை ஆதரித்த தெலுங்கு பேசும் ஜமீனின் அரண்மனை எல்லாம் நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும், வெளியே தமிழும் பேசி வாழ்கிறோம். இவ்வளவையும் ஒரு முறை கவனமாகப் பார்த்துவிட்டு விமானம் ஏறினால் பினாங்கு உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பல சனங்கள் ஒரே மண்ணில் கலந்து வாழும் வாழ்க்கை நமக்குப் பழகியதுதான். அங்கே அது துறைமுக அளவில், நாலைந்து மதம், ஏழெட்டு மொழி என்று விரிந்துகிடக்கிறது.

1786இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் அந்தத் தீவில் இறங்கிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துறைமுகம் திறந்தார். சீனர், மலாய்க்காரர், ஆச்சே நாட்டவர், அரபிகள், ஆர்மீனியர் எல்லாரும் வந்து குடியேறினார்கள். தமிழர்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. இப்படிச் சேர்ந்து உருவான ஊரைத்தான் 2008இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

பார்க்கவேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு ஓடாதீர்கள். ஒரு தெருவைப் பிடியுங்கள், போதும். பழைய பெயர் பிட் தெரு, இன்று கப்பித்தான் கெலிங் மசூதிச் சாலை. காலை ஏழு மணிக்கு வடக்கு முனையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1818இல் கட்டியது, வெள்ளை வெளேரென்று நிற்கும். கொஞ்சம் நடந்தால் சீனர்களின் குவான் யின் அம்மன் கோயில். வாசலில் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும், அப்படியே நின்று பாருங்கள். இன்னும் சில அடியில் பக்கத்துக் குயின் தெருவைப் பார்த்தபடி மகாமாரியம்மன் கோயில் கோபுரம். 1833இலிருந்து அங்கே நிற்கிறாள் நம் ஆத்தா. நான் போன காலையில் எனக்கு முன்னால் நின்ற சீனப் பாட்டி கைகூப்பிக் கும்பிட்டு, திருநீறு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார். யாருக்கும் அது விசேஷமாகத் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் மசூதி. 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் தொடங்கியது. தொழுகை இல்லாத நேரத்தில் நாமும் உள்ளே போய்ப் பார்க்கலாம். பிறகு சூலியா தெருவில் திரும்பினால் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா! நாகூருக்குப் போய் வந்தவர்கள் அதன் முன்னால் நிற்கும்போது எப்படி உணர்வார்கள் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்வளவும் வேகமாக நடந்தால் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். கடைவரிசைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை உண்டு, அங்குள்ள தமிழர்கள் அஞ்சடி என்கிறார்கள். வெயிலோ மழையோ அதற்குள்ளேயே நடந்து தெருக்களைச் சுற்றிவிடலாம். நம் வெயில் காய்ந்த வெயில், அங்குள்ளது ஈரமான புழுக்கம். பருத்திச் சட்டை போதும், தண்ணீர் பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும்.

மத்தியானம் நாசி கண்டார். எழுதும்போதே நாக்கில் நீர் ஊறுகிறது! அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் கம்பின் ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்பும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. வெள்ளைச் சோற்றின் மேல் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, இறைச்சிக் குழம்பு எல்லாவற்றையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். தனித்தனியாகக் கேட்டால் பாதி ருசி போய்விடும். நான் சாப்பிட்ட கடையில் கல்லாவில் இருந்தவர் ஊர் கேட்டார். கோவில்பட்டி என்றதும் எழுந்தே விட்டார்.

“கோவில்பட்டியா? எங்க பெரியவங்கல்லாம் கடையநல்லூர்தான் அண்ணாச்சி! நல்லா சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தச் சொல்லட்டா?”

சங்கரன்கோவில் தாண்டி இருக்கிற கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து போன குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. நீங்களும் கூச்சப்படாமல் ஊர்ப்பேரைச் சொல்லுங்கள்.

அசாம் லக்சாவை விட்டுவிடாதீர்கள். புளியும் மீனும் கொதித்த சாற்றில் அரிசி நூடுல்ஸ், மேலே புதினாவும் அன்னாசியும். புளிக்குழம்பில் வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே சரணடைந்துவிடும். செண்டோலில் தேங்காய்ப்பாலோடு ஊற்றும் பனைவெல்லப்பாகு நம் கருப்பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. சைவக்காரர்களும் பயப்பட வேண்டாம். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு இருக்கிறது. சீனர்களிலும் பலர் அமாவாசைக்கு மறுநாளோ அதை ஒட்டியோ வரும் அவர்களது மாதப்பிறப்பிலும் பௌர்ணமியை ஒட்டிய பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடுகிறவர்கள், அதற்கென்றே தனிக் கடைகள் உண்டு.

மாலையில் கூ கொங்சிக்குப் போங்கள். ‘கூ’ வம்சத்துப் பங்காளிகள் கூடிக் கட்டிய முன்னோர் வழிபாட்டு மாளிகை. 1906இல் முடித்த இன்றைய கட்டடத்தின் கூரையில் ஒரு விரல் இடம்கூடச் சிற்பமில்லாமல் இல்லை. குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுத்துப் பங்காளிகளோடு பொங்கல் வைத்து வளர்ந்த நமக்கு, சீன வம்சத்தார் தம் முன்னோர் பெயர்களை வரிசையாக எழுதிவைத்துக் கும்பிடுவதை யாரும் விளக்க வேண்டாம். பக்கத்திலேயே கடலில் மரத்தூண் நட்டுக் கட்டிய சூ படகுத்துறை வீடுகள். அங்கேயும் ஒரு வம்சத்துக்கு ஒரு துறை. கண்மாய் நிறைந்தாலே திருவிழாவாகக் கொண்டாடும் ஊரிலிருந்து போன நான், பலகைகளுக்குக் கீழே கடல் அலம்புவதைக் கேட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு நாள் தண்ணீர்மலை. மேலே பாலதண்டாயுதபாணி. 500 படிக்கு மேல் ஏற வேண்டும். கழுகுமலை முருகனைக் கும்பிட்டு வளர்ந்த கால்களுக்கு அது பெரிதில்லை. தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளித் தேரும் மலைக்கோயிலின் தங்கத் தேரும் ஊருக்குள்ளிருந்து புறப்படும். வழியெல்லாம் சீனர்கள் தேங்காய் குவித்து உடைப்பார்கள், காவடியும் எடுப்பார்கள்.

போகிற வழி சுலபம். கோவில்பட்டியில் ரயிலேறித் திருச்சி, அங்கிருந்து கோலாலம்பூருக்கு விமானம். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானமும் 2024 டிசம்பரில் தொடங்கியது. எனக்குக் கோலாலம்பூர் வழிதான் பிடிக்கும். ரயிலில் பட்டர்வொர்த் போய், அங்கே ஃபெர்ரியில் ஏறித் தண்ணீர் வழியாகவே ஊருக்குள் நுழையலாம். அந்தக் காலத்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து போனவர்களும் இந்த ஊரைக் கடலிலிருந்துதான் முதலில் பார்த்தார்கள். நமக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை. விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும்முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச்சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும்.

பெட்டியில் நம்ம ஊர்க் கடலை மிட்டாய் நிறைய இருக்கட்டும், பாக்கெட் பிரிக்காததாக. 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், கொடுக்கப் பெருமையாக இருக்கும். நான் தங்கிய விடுதியின் சீன அம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, தங்கள் வீட்டுப் புத்தாண்டுக்கும் கடலையில் இப்படி ஒன்று செய்வதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நாலு நாளுக்குக் குறைவாகப் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை கூடுதல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். தைப்பூசத்துக்கே போய்விட வேண்டும் என்று மனம் துடித்தால், தீபாவளிக்கு முன்பே அறையைப் பதிந்துவிடுங்கள்.