பழனி சுப்பிரமணிய பிள்ளையும் பக்கவாத்தியத்தின் ஸ்தானமும்

பாடகருக்கு வலப்புறம் மிருதங்கமும் இடப்புறம் வயலினும் அமர்வதே கச்சேரி மேடையின் சம்பிரதாயம். மிருதங்கத்தின் வலந்தலை சபையோரை நோக்கியிருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்த இந்த நியாயமான ஏற்பாடு, 1908-இல் பிறந்து இடக்கையால் வலந்தலையை வாசிக்கப் பழகிய பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு மட்டும் பெருந்தடையாக வந்து நின்றது. அவர் பாடகரின் இடப்புறம் அமர்ந்தால் வயலின்காரர் எதிர்ப்புறம் மாற வேண்டும். அப்படி மாறினால் தம் வாத்தியத்தின் நாதம் சபையை நேராகச் சென்றடையாது என்று வித்வான்கள் ஆட்சேபித்தார்கள். மான்பூண்டியா பிள்ளையின் சீடரான முத்தையா பிள்ளைக்கு மகனாகப் பிறந்து, தந்தையிடமும் தட்சிணாமூர்த்தி பிள்ளையிடமும் புதுக்கோட்டைப் பாணியைக் கசடறக் கற்றவர், உட்காரும் இடத்தின் காரணமாகவே வாய்ப்புகளை இழந்தார். செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைத் தம் கச்சேரிகளுக்கு அழைத்து ஆதரித்திராவிட்டால், அந்தக் கைகளின் நாதத்தை நாம் முழுமையாகக் கேட்டிருப்போமா என்பது சந்தேகமே.

பக்கவாத்திய முறையின் மேன்மையை முதலில் சொல்லிவிடுதல் தர்மம். முன்கூட்டி ஒத்திகை ஏதுமின்றி, பாடகர் எந்தக் கிருதியை எடுப்பார் என்பதையும் அறியாமல் மேடையேறி, பல்லவியின் முதல் சொல் விழுந்ததும் அதன் காலப்பிரமாணத்தையும் எடுப்பையும் பிடித்துக்கொண்டு, சாகித்தியம் மூச்சுவிடும் இடத்தில் தானும் ஓய்ந்து, சங்கதி முடியும் இடத்தில் அளவான ஓர் அருதி வைக்கும் திறமை, ஆயுள் முழுதும் பிறர் பாட்டைக் கூர்ந்து கேட்டவருக்கே கைவரும். பாடகர் ஜி.என்.பி.க்குப் பழனி வாசித்த ஒலிப்பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். கணக்கில் அவருக்கு நிகரானவர் அரியர். எனினும் பாட்டு நடக்கும்போது, தாளத்தின் இயல்பான ஓட்டமான சர்வலகுவாகவே நடந்துசெல்கிறார். இடந்தலையான தொப்பியில் அவர் எழுப்பும் கும்கி நாதம் பாட்டின் வரிகளை நிரப்புகிறதேயன்றி மூடுவதில்லை. கணக்கைத் தனி ஆவர்த்தனத்துக்கென்று சேமித்து வைக்கும் இந்த அடக்கத்தை அவருக்குக் கற்பித்தது பக்கவாத்திய தர்மமே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் கலைஞன் விரும்பி ஏற்கும் அடக்கம் வேறு, சபை அவன்மீது சுமத்தும் தாழ்வு வேறு. நம் கச்சேரி உலகம் இவ்விரண்டையும் நெடுங்காலமாகக் குழப்பிக்கொண்டே வந்திருக்கிறது. மிருதங்கத்துக்குரிய நேரமான தனி ஆவர்த்தனத்தையே இடைவேளையாகக் கருதி எழுந்து செல்லும் ரசிகரை எந்தச் சபாவிலும் காணலாம். எங்கள் சூலக்கரையைப் போன்ற கரிசல் பூமியில், கோடைத் திருவிழா மேடையில், தொப்பியில் அப்பிய ரவை வெகுவிரைவில் காய்ந்து உதிரத் தொடங்குவதால், கையை நனைத்துத் தடவித் தடவி நாதத்தைக் காப்பாற்றிக்கொண்டே வாசிக்கும் மனிதரின் பாடு, எழுந்து போகிறவரின் கண்ணில் படுவதேயில்லை.

இந்த முறையின் குற்றங்களுக்குப் பாடகர்களையும் சபாக்களையும் மட்டும் பொறுப்பாக்குவதும் நேர்மையாகாது. மிருதங்க மும்மூர்த்திகளாகப் பழனியையும், பாலக்காடு மணி ஐயரையும், விருதுநகர் 1985-இல் தனி மாவட்டமாகும்வரை எங்கள் ஊரும் சேர்ந்திருந்த மாவட்டமான ராமநாதபுரத்தின் சி.எஸ். முருகபூபதியையும் கொண்டாடுகிறோம். அம்மூவருள் மணி ஐயர், ஒலிபெருக்கி இல்லாமல் நாதத்தை அதன் இயல்பிலேயே கேட்க வேண்டும் என்று வாதாடிய மகாவித்வான். அவரே பெண்களின் பாட்டுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் இருந்து, பின்னரே டி.கே. பட்டம்மாளுக்கு வாசிக்க இசைந்தார். பக்கத்தில் அமர்த்தப்பட்டவருக்கும், வேறொருவரை ஒதுக்கிவைக்கும் அதிகாரம் இருந்தது. அந்த வரிசையில் அவருக்கும் கீழே, பலாமரக் கட்டையில் தோலை இழுத்து, வார் பிடித்து, சோறும் கரணையும் இட்டு நாதத்தை உண்டாக்கிய தோல் தொழிலாளிகளின் பெயரை எந்த அழைப்பிதழும் அச்சிட்டதில்லை.

இந்தக் கலையைக் கற்பித்த குருகுல முறையின் மீதும் எனக்கு ஐயம் உண்டு. எனினும் பழனியைப் பொறுத்தவரை அது நற்பலனையே தந்தது. அவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, புதுக்கோட்டைப் பாணியைக் கடல் கடந்த மாணவர்களுக்கும் கற்பித்தார்.

ஆகவே ஒழிய வேண்டியது பக்கவாத்தியம் என்னும் கலை அன்று, அதன் தலையில் ஏற்றப்பட்ட ஏற்றத்தாழ்வே. சென்னை மியூசிக் அகாதெமி தன் சங்கீத கலாநிதி விருதை ஒரு மிருதங்க வித்வானுக்கு முதன்முதலாக வழங்கியது 1966-இல். பெற்றவர் மணி ஐயர். பழனி சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1962-இலேயே, காலமாகிவிட்டார்.