காலி இடத்தை வைத்து ஆடிய மூவர்

ராக் இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. பாடுபவரைப் பார்ப்போம், கிதாரோடு துள்ளுபவரைப் பார்ப்போம், வியர்வை தெறிக்க டிரம்ஸ் அடிப்பவரைப் பார்ப்போம். நான்கு தடித்த தந்திகளோடு ஓரமாக நிற்பவர் கண்ணில் படமாட்டார். ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால் பாட்டின் இடுப்பு ஒடிந்துபோகும். கபடியில் மூலையில் நிற்கும் தடுப்பாட்டக்காரர் மாதிரி. இருக்கும்போது தெரியாது, இல்லாதபோது எதிரணி புகுந்து விளையாடிவிட்டுப் போகும்.

அந்த ஆளே வேண்டாம் என்று முடிவெடுத்து ஓர் அணி களம் இறங்கியது. இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், மூன்று பெண்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த ஸ்லேட்டர்-கின்னி. 1995 முதல் 2005 வரை ஏழு ஆல்பங்கள். 2001இல் விமர்சகர் கிரீல் மார்கஸ், டைம் இதழில் அமெரிக்காவின் மிகச் சிறந்த ராக் குழு இதுதான் என்று எழுதினார். 'பெண்கள் குழுக்களில்' என்ற அடைமொழி அந்த முடிசூட்டலில் இல்லை.

வழக்கமாக ரன் ரேட்டையும் ரெய்டு புள்ளிகளையும் கூட்டிக் கழிக்கிற பத்தி இது. இசைக்குழுவுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஸ்லேட்டர்-கின்னியின் வளர்ச்சியை விற்பனைப் பட்டியலை வைத்து அளந்தால் கையில் ஒன்றும் தேறாது. வானொலியில் நாள் முழுக்க ஓடிய பாட்டு எதுவும் அவர்களுக்குக் கிடையாது. யார் எங்கே நின்றார்கள், யார் விட்ட இடத்தை யார் அடைத்தார்கள் என்று ஆட்டத்தைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தால்தான் அவர்கள் எப்படி மேலே வந்தார்கள் என்பது பிடிபடும்.

வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகர் ஒலிம்பியா. தலைநகர் என்றாலும் சிறிய ஊர்தான். எவர்கிரீன் அரசுக் கல்லூரி மாணவர்களும், வீட்டு நிலவறைகளில் ஒத்திகை பார்க்கும் குழுக்களும் நிறைந்த ஊர். 1991 ஆகஸ்டில் அங்கே நடந்த சுயேச்சை இசை விழாவின் முதல் இரவு பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பின்னாளில் ஸ்லேட்டர்-கின்னியை உருவாக்கிய இருவரில் ஒருவரான கோரின் டக்கர் முதன்முதலாக மேடையேறியது அந்த இரவில்தான், ஹெவன்ஸ் டு பெட்சி என்ற இருவர் குழுவோடு. பங்க் கச்சேரி என்றால் மேடைக்கு முன்னால் பையன்கள் இடித்துத் தள்ளிக்கொண்டு ஆடுவார்கள். பெண்கள் பின்சுவரில் சாய்ந்து நின்று அவர்களுடைய மேல்சட்டைகளைக் காவல் காப்பார்கள். இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டுப் புறப்பட்டதுதான் 'ரயட் கேர்ள்' இயக்கம். பிகினி கில், பிராட்மொபைல் போன்ற குழுக்கள், ஜெராக்ஸ் எடுத்துக் கையோடு கை மாறிய சிற்றேடுகள், பெண்களே முன்வரிசைக்கு வாருங்கள் என்ற அழைப்பு எல்லாம் அதில் அடக்கம்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு குழு எக்ஸ்கியூஸ் 17. அதில் கிதார் வாசித்தவர் கேரி பிரவுன்ஸ்டீன். அவரும் டக்கரும் காதலர்களானார்கள். டக்கர் பட்டம் வாங்கிய கையோடு 1994இல் இருவரும் ஆஸ்திரேலியா போனார்கள். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு முழுக்கக் கண்விழித்து, மெல்பர்னில் ஸ்லேட்டர்-கின்னியின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். குழுவின் பெயருக்கும் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒலிம்பியாவை ஒட்டிய லேசி என்ற ஊரில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடம் ஸ்லேட்டர் கின்னி சாலையில் இருந்தது. நெடுஞ்சாலை ஐந்தில் 108ஆம் வெளிவழியில் பச்சைப் பலகையில் இன்றும் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

இரண்டு கிதார்களையும் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி வைத்தார்கள். தந்தி தளர்கிறது, ஒலி தடிக்கிறது. பேஸ் கிதார் விட்டுப்போன பள்ளத்தில் பாதி அங்கேயே நிரம்பிவிடுகிறது. மீதிப் பாதிக்கு டக்கர் பொறுப்பு. கீழ்த்தந்திகளில் திரும்பத் திரும்ப ஒரு வரியை இறுக்கிப் பிடித்து வாசிப்பார். பிரவுன்ஸ்டீன் மேல்தந்திகளில் கோணல்மாணலாக வேறொரு வரியை ஓட்டுவார். பெரும்பாலான ராக் குழுக்களில் ஒருவர் தாளத்துக்குச் சுரத்தொகுப்புகளை (கார்டு) அடிக்க, மற்றவர் அதன்மேல் ஏறி நின்று வாசிப்பார். எஜமான், வேலையாள் ஏற்பாடு. இங்கே அது கிடையாது. இரண்டு வரிகளும் எதிரெதிரே கோத்த இரண்டு சீப்புகளின் பற்கள் போல ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்று போய் விழும். ஒருவர் அரை நொடி பிந்தினால் ஓட்டை அப்பட்டமாகத் தெரியும். மூடி மறைக்க அடியில் எதுவும் இல்லை.

குரலிலும் இதே ஏற்பாடுதான். டக்கரின் குரல் சைரன் மாதிரி. உச்சத்தில் நடுங்கிக்கொண்டே நீளும். பிடிக்காதவர்களுக்குப் பத்து நொடிகூடத் தாங்காது. (எனக்கு மூன்றாவது முறை கேட்டபோதுதான் பிடித்தது. முதல் இரண்டு முறையும் ஒலியைக் குறைத்துவிட்டேன்.) பிரவுன்ஸ்டீனின் குரல் பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும், கொஞ்சம் கிண்டல் கலந்தது. இருவரும் சேர்ந்து பாடும்போது ஒரே வரியை இரண்டு சுரத்தில் பாடி இனிமை சேர்ப்பதில்லை. ஒரே நேரத்தில் வேறுவேறு வரிகளைப் பாடுவார்கள், ஒரே வீட்டில் இரண்டு அறைகளிலிருந்து பேசுவதைப் போல.

1996இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'கால் த டாக்டர்'. வில்லேஜ் வாய்ஸ் இதழ் ஆண்டுதோறும் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதற்கு மூன்றாம் இடம். சின்னஞ்சிறு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஆல்பத்துக்கு இது பெரிய விஷயம். ஆனாலும் அணியில் ஒரு குறை இருந்தது. டிரம்ஸ் இருக்கையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு கிதார்களும் மாறி மாறித் தாவுகிற ஆட்டத்தில் பின்னால் ஒருவர் நங்கூரமாக நிற்க வேண்டும். வெறுமனே நின்றாலும் போதாது, அவரும் தாவத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

1996இல் வந்து சேர்ந்தார் ஜேனட் வைஸ். மற்ற இருவரையும்விட வயதில் மூத்தவர், குவாசி என்ற குழுவில் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தவர். டிரம்ஸ் குச்சியைப் பிடித்ததே 22 வயதில்தான். ஒரு குழுவில் ஆள் தேவைப்பட, இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு சுற்றுப்பயணம் கிளம்பியவர். அந்த அவசரப் பள்ளியின் பலன் அவர் அடியில் தெரியும். வித்தை காட்டுகிற உருட்டல்கள் குறைவு. விழுகிற ஒவ்வோர் அடிக்கும் எடை உண்டு. பேஸ் இல்லாத குழுவில் கிக் டிரம்தான் தரை. அந்தத் தரையைப் பாட்டுக்குப் பாட்டு வேறு மாதிரி போட்டுக் கொடுத்தார்.

அவர் வந்தபின் வெளியான முதல் ஆல்பம் 1997இன் 'டிக் மீ அவுட்'. அட்டைப்படமே ஒரு குறும்பு. தி கின்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆண்கள் குழு 1965இல் போட்ட ஆல்பத்தின் அட்டையை அப்படியே நகலெடுத்து, அவர்கள் முகங்கள் இருந்த இடத்தில் தங்கள் முகங்களை வைத்தார்கள். முதல் பாட்டில் கிதார் தனியாகக் கிளம்புகிறது, பின்னாலேயே டிரம்ஸ் வந்து மோதுகிறது. முந்தைய ஆல்பத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அங்கே இரண்டு பேர் கோபமாக இருக்கிறார்கள். இங்கே மூன்று பேர் ஆடுகிறார்கள்.

அதே ஆல்பத்தில் 'ஒன் மோர் அவர்' என்றொரு பாட்டு. டக்கரும் பிரவுன்ஸ்டீனும் அதற்குள் காதலை முறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உறவை ஸ்பின் இதழ் அவர்களைக் கேட்காமலே அச்சில் போட்டது. பிரவுன்ஸ்டீன் தன் வீட்டாரிடம் சொல்லியிருக்கவே இல்லை. முறிந்த அந்த உறவைப் பற்றி டக்கர் பாட, பல்லவியில் இடையிடையே புகுந்து பதில் சொல்லும் குரல் யாருடையது? பிரிந்துபோன அதே பிரவுன்ஸ்டீனுடையது. எழுதியவருக்கு எதிரே நின்று, ஊர் ஊராக, இரவுக்கு இரவு அந்தப் பதிலைப் பாடினார். பெரும்பாலான குழுக்கள் உடைகிற இடம் இது. இவர்களோ தங்கள் மிகச் சிறந்த பாட்டை அந்த இடத்திலிருந்துதான் எடுத்தார்கள். இரண்டு குரல் உத்தியை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பொருத்தமான வாழ்க்கை பின்னால் வந்து சேர்ந்ததோ என்றுகூடத் தோன்றும்.

பெரிய இசை நிறுவனங்கள் பணப்பெட்டியோடு வந்தன. மூவரும் அப்போதைக்கு ஒலிம்பியாவின் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனத்திலேயே இருந்துவிட்டார்கள். 1999இல் 'த ஹாட் ராக்', கொஞ்சம் அடங்கிய, சிக்கலான ஆல்பம். 2000இல் 'ஆல் ஹேண்ட்ஸ் ஆன் த பேட் ஒன்', ராக் உலகில் பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது என்ற நைந்துபோன கேள்விக்கு நக்கலும் காட்டமுமாகப் பதில். முந்தைய ஆண்டு உட்ஸ்டாக் விழாவில் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளும் அதில் உண்டு. 2002இல் 'ஒன் பீட்', இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின்பு போர் முழக்கத்தை எதிர்த்துப் பேசிய முதல் ராக் ஆல்பங்களில் ஒன்று. டக்கர் அப்போது தாய். குறைமாதத்தில் பிறந்த மகனுக்காக அவர் வேண்டிக்கொள்ளும் பாட்டோடு அது முடிகிறது.

2003இல் பேர்ல் ஜாம் குழுவின் சுற்றுப்பயணத்தில் முன் நிகழ்ச்சி நடத்தப் போனார்கள். பார்வையாளர்கள் வந்தது பேர்ல் ஜாமுக்காக. பெரிய அரங்கில் பாதி இருக்கை காலி, மீதிப் பாதிக்கு இவர்கள் யாரென்று தெரியாது. சொந்த மைதானத்திலேயே ஆடிப் பழகியவர்களுக்கு இப்படியோர் அந்நிய ஆடுகளம் நல்ல மருந்து. யாருக்கும் தெரியாத பாட்டை எப்படி வாசித்தால் என்ன? நீட்டினார்கள், வளைத்தார்கள், மேடையிலேயே புதிதாக இழைத்தார்கள்.

அந்தப் பயிற்சி 2005இல் 'த வுட்ஸ்' ஆல்பத்தில் வெடித்தது. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் தயாரிப்பாளர் டேவ் ஃபிரிட்மனின் ஸ்டூடியோ, பதிவுக் கருவிகள் திணறி ஒலி கிழியும் அளவுக்கு ஏற்றிய சத்தம். மூன்று நிமிடத்தில் பாட்டை முடித்துப் பழகியவர்கள் 11 நிமிடத்துக்கு ஒரு பாட்டு போட்டார்கள். பலருக்கு இது பிடிக்கவில்லை, காது வலிக்கிறது என்றார்கள். காது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் என் கணக்கில் வைஸின் உச்சம் இதுதான். கிதார்கள் இரண்டும் கட்டறுத்துக்கொண்டு ஓட, மொத்தக் கூரையையும் ஒற்றைத் தூணாகத் தாங்குகிறார்.

அடுத்த ஆண்டே ஆட்டம் நின்றது. ஐரோப்பியப் பயணத்தில் பிரவுன்ஸ்டீனுக்கு அக்கி. உடம்போடு மனமும் நொறுங்கி, பிரஸ்ஸல்ஸில் மேடைக்குப் பின்னால் தன்னைத்தானே அறைந்துகொண்டதைப் பின்னாளில் தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதினார். 2006 ஆகஸ்டில் போர்ட்லண்டில் கடைசிக் கச்சேரி. பின்பு அவர் 'போர்ட்லாண்டியா' என்ற நகைச்சுவைத் தொடரில் நடித்து, ஸ்லேட்டர்-கின்னியைக் கேள்வியே படாதவர்களுக்கும் அறிமுகமானார்.

2014இல் பழைய ஆல்பங்களின் தொகுப்புப் பெட்டி ஒன்று வெளியானது. வாங்கியவர்கள் திறந்து பார்த்தால் உள்ளே சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சின்ன இசைத்தட்டு, அதன்மேல் ஒரு தேதி: 2015 ஜனவரி 20. ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்த புது ஆல்பம் வெளியாகும் நாள் அது. மறுபிரவேசம் செய்கிற குழுக்கள் பழைய பாட்டுகளைப் பாடிக் கல்லா கட்டுவதுதான் வழக்கம். 'நோ சிட்டீஸ் டு லவ்' அப்படி இல்லை. பத்தாண்டு இடைவெளி அதில் தெரியவே இல்லை.

சறுக்கல் 2019இல். இசைக்கலைஞர் செயின்ட் வின்சென்ட் தயாரித்த 'த சென்டர் வோன்ட் ஹோல்ட்' ஆல்பம் வெளியாவதற்கு ஆறு வாரம் முன்பு வைஸ் விலகினார். குழு புதிய திசையில் போகிறது என்றார். படைப்பில் தான் இனி சம பங்காளி இல்லை, டிரம்ஸ் வாசிக்கும் ஆள் மட்டும்தான் என்று தெரிந்ததால் கிளம்பியதாகப் பின்னர் ஒரு பேட்டியில் சொன்னார். ஆல்பத்தைக் கேட்டால் விஷயம் அதற்கு முன்பே நடந்துவிட்டது புரிகிறது. கீழ்ஸ்தாயியை சின்தசைசர் நிரப்புகிறது. இருபது ஆண்டு காலியாக வைத்து, மூன்று பேரும் முறைபோட்டுக் காத்த இடத்துக்கு இயந்திரம் வந்துவிட்டது. காவலுக்கு அவசியம் இல்லாத இடத்தில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை? மோசமான ஆல்பம் இல்லை. வேறு ஆட்டம்.

இப்போது குழு என்பது இருவர்தான். டிரம்ஸுக்கு மற்றவர்களை அழைத்துக்கொள்கிறார்கள். 2024 ஜனவரியில் வந்த 'லிட்டில் ரோப்' அவர்களுடைய பதினோராவது ஆல்பம். அதற்கான வேலை நடந்துகொண்டிருந்த 2022இன் இறுதியில், இத்தாலியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலிருந்து கோரின் டக்கருக்கு ஒரு தொலைபேசி. கேரி பிரவுன்ஸ்டீனை எப்படியாவது பிடிக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே சுற்றுலா போயிருந்த அவருடைய தாயும் மாற்றுத் தந்தையும் கார் விபத்தில் இறந்துவிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பு கடவுச்சீட்டு விண்ணப்பத்தில், அவசரத்துக்கு யாரை அழைக்க என்ற கட்டத்தில் பிரவுன்ஸ்டீன் டக்கரின் எண்ணை எழுதி வைத்திருந்தார். பிறகு தன் எண்ணை மாற்றிவிட்டார். டக்கர் மாற்றவில்லை.

அந்த ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளை டக்கரையே பாடச் சொல்லிவிட்டு, பிரவுன்ஸ்டீன் கிதாரைப் பிடித்துக்கொண்டார்.