ஊழியம் என்னும் சொல்

காப்பார்த் தமிழர் ஒருவர் நாளிதழைப் பிரித்தால், தொழிற்சாலைக்கு ஊழியர் தேவை என்னும் விளம்பரத்தைக் காண்பார். கிறித்துவராயின், ஞாயிறன்று தேவாலயத்தில் அதே சொல்லை வேறு பொருளில் கேட்பார். ஆலைக்குப் போகிறவர் உலகப்பிரகாரமான வேலை செய்பவராம். அதனை விட்டுப் போதிக்க வந்தவரே முழுநேர ஊழியராம். இப்பாகுபாடு தமிழ்க் கிறித்துவ இலக்கியத்தின் முன்னே நிற்குமா என்பது ஆராயத்தக்கது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஆசிரியராகவும் இருந்தவரெனினும், கீர்த்தனை பாடிச் சமயம் பரப்புவதையே வாழ்வாகக் கொண்டார். சரபோஜி மன்னரின் ஆதரவும் அவருக்கு வாய்த்தது. அவரை ஊழியர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஐயம் எழுவது மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடத்தில். கத்தோலிக்கராகிய அவர் முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். 1859-இல் நீதிநூல், 1879-இல் பிரதாப முதலியார் சரித்திரம் என்று அவர் எழுதியவை பலரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்ட சித்தாந்த சங்கிரகம். பக்திப் பாடல்களை ஊழியக் கணக்கிலும் இந்நூலை உத்தியோகக் கணக்கிலும் எழுதுவோர் அம்மனிதரை இரண்டாக வெட்டுகின்றனர். ஆங்கிலம் அறியாத வழக்காளி, சட்டம் தனக்கு என்ன சொல்கிறது என்பதைத் தன் மொழியிலேயே அறியச் செய்தவர் அவர். ஏழைக்கு நியாயம் செய்யுங்கள் என்று தீர்க்கதரிசிகள் கேட்டது இதனை அன்றி வேறெதனை?

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வரலாறு இன்னும் சுவையானது. சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் வைணவர்; 1858-இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். சம்பளத்துக்குத் தமிழ் கற்பித்த அவரிடமிருந்தே 1894-இல் இரட்சணிய யாத்திரிகம் வந்தது. அதன் மூலநூலை 1678-இல் வெளியிட்ட ஜான் பனியனோ, பாத்திரம் செப்பனிடும் தொழிலாளி. அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்பதற்காகப் பன்னிரண்டு ஆண்டு சிறையிருந்தவர். காவியத்தின் ஓட்டம் சிற்சில இடங்களில் தளர்வதுண்டு. ஆயினும் அதிலுள்ள கம்பன் வாடை, பிழைப்புக்காகவும் தமிழையே ஓதியும் ஓதுவித்தும் வந்தவருடைய கைப்பழக்கம் என்பது தெளிவு.

போதகருக்கும் வயிறு உண்டு, படிக்க நேரம் வேண்டும் என்னும் மறுப்பு நியாயமானதே. சுவிசேஷம் அறிவிப்பவன் அதனாலே பிழைக்கலாம் என்று பவுலே கொரிந்தியருக்கு வாதாடினார். வாதத்தில் வென்றபின் அவ்வுரிமையைத் தமக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார். அதே நிருபத்தில், அதே அதிகாரத்தில். முதற்பாதியை மட்டும் வாசித்து நிறுத்துவது சபைகளில் வழக்கமாகிவிட்டது. கொரிந்துவில் பவுல் செய்த கூடாரங்களை யார் வாங்கினர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறவில்லை. யாருடைய வீட்டில் தங்கி அத்தொழிலைச் செய்தார் என்பதை மட்டும் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் அவ்விருவரும் கூடாரத் தொழிலாளரே.