எக்ஸ்ரே பார்க்க என்ன படிக்கணும்?

அமெரிக்க விமான நிலையங்களில் உங்கள் பையை எக்ஸ்ரே திரையில் பார்ப்பவர் என்ன படித்திருப்பார் என்று யோசித்ததுண்டா? ப்ளஸ் டூ போதும். அது இல்லையென்றால் ஒரு வருஷம் செக்யூரிட்டி வேலை பார்த்த அனுபவம் போதும். 'அவ்வளவுதானா?' என்று பதறுவீர்கள். பட்டத்தைப் பார்த்தே பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

2001 செப்டம்பருக்கு முன் இந்த வேலையை விமான கம்பெனிகள் காண்ட்ராக்டுக்கு விட்டிருந்தன. மணிக்குச் சுமார் ஆறு டாலர். அதே கட்டடத்தில் பர்கர் விற்றால் கூடக் கிடைக்கும். 1998 மே முதல் ஒரு வருஷக் கணக்கெடுத்ததில், 19 பெரிய விமான நிலையங்களில் ஆள் மாறும் விகிதம் சராசரி 126 சதவிகிதம். செயின்ட் லூயியில் 416! ஒரு நாற்காலியில் வருஷத்துக்கு நாலு பேர். துப்பாக்கி திரையில் எப்படித் தெரியும் என்று பிடிபடுவதற்குள் ஆசாமி பர்கர் கடைக்குப் போயாச்சு.

2001 நவம்பரில் சட்டம் வந்தது. அரசாங்க உத்தியோகம், 40 மணி நேர வகுப்பு, 60 மணி நேர நேரடிப் பயிற்சி. எல்லாம் சரி. அமெரிக்கக் குடியுரிமையும் கட்டாயம் என்றார்கள். க்ரீன் கார்டுக்காரர் அவர்கள் ராணுவத்தில் துப்பாக்கி தூக்கலாம். பைக்குள் துப்பாக்கி தேடக் கூடாது. என்ன நியாயமோ!

இத்தனைக்குப் பிறகும், ரகசியச் சோதனைகளில் 70-க்கு 67 தடவை கோட்டை விட்ட செய்தி 2015-ல் வெளியானது. தலைவரை மாற்றினார்கள்.

எம்.ஏ. படித்தவரை உட்கார வைத்தால் சரியாகிவிடுமா? ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வைக் கவனியுங்கள். தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது பார்க்கத் தவறியது 7 சதவிகிதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30. அபூர்வமாக வருவதைக் கண் தவறவிடும். இது மனித சுபாவம். அதனால்தான் திரையில் அவ்வப்போது பொய்த் துப்பாக்கிப் படங்களை நுழைத்து உஷாராக வைக்கிறார்கள்.

ஆக, வேண்டியது பட்டம் அல்ல. பழகிய கண், ஓய்வு, வேலையை விட்டு ஓடாத அளவுக்குச் சம்பளம். மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கு இணையான சம்பளம் இவர்களுக்குக் கிடைத்தது 2023 ஜூலையில்தான். குடியுரிமையைக் கேட்கச் சட்டத்தில் ஒரு வரி போதும், செலவில்லை. சம்பளத்துக்குக் காசு வேண்டும். 21 வருஷம் ஆயிற்று.

இனி 'என்ன படித்திருக்கிறார்?' என்று கேட்காதீர்கள். 'எத்தனை நேரமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்?' என்று கேளுங்கள். உங்கள் உயிர் அதில்தான் இருக்கிறது.