டக்கும் காலியரும்: உழைப்பைப் பாடிய இருவர்

கல்வி வாய்ப்பில்லார் கவி பாடின் அதனைக் கவியென நோக்காது வியப்பென நோக்குதல் திறனாய்வாளரிடைக் காணப்படும் குறைகளுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் புலவருள் ஸ்டீபன் டக், மேரி காலியர் ஆகிய இருவரும் இக்குறையால் நெடுங்காலம் மறைந்து கிடந்தனர்.

டக், வில்ட்ஷயரில் 1705இல் பிறந்த பண்ணைக் கூலியாள். 1730இல் அச்சேறிய 'கதிரடிப்போன் உழைப்பு' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. அரசி கரோலின் ஆண்டுக்கு 30 பவுன் உதவித்தொகையும் வீடும் அளித்தார். 1746இல் டக் சமயகுருவானார். 1756இல் நீரில் மூழ்கி உயிர் நீத்தார். புரவலரை அடைந்தபின் அவர் பாடியவற்றுட் பெரும்பாலன அக்காலப் புலவர் வழக்கின் எதிரொலியே. கொட்டிலின் புழுதியும் வியர்வையும் படிந்த அம்முதற்பாடலே இன்றும் நிலைத்து நிற்கிறது.

எனினும் அப்பாடலில், புல் உலர்த்த வந்த பெண்களை வேலையினும் வீண்பேச்சில் விருப்புடையாராகக் காட்டி டக் நகையாடுகிறார். ஹாம்ஷயரைச் சேர்ந்த பீட்டர்ஸ்பீல்டில் துணி வெளுத்துப் பிழைத்த மேரி காலியர், டக்கின் பாடல்களை நெஞ்சில் இருத்தியவர். அந்நகையாடலுக்கு அவர் அளித்த மறுமொழியே 1739இல் வெளிவந்த 'பெண்ணின் உழைப்பு'.

இதனைச் சமுதாய வரலாற்றுச் சான்றென்று மட்டும் கொள்வாரும் உளர். அது பொருந்தாது. மறுமொழியின் ஆற்றல் அதன் அமைப்பிலேயே உள்ளது. டக்கின் பாடலில், கணவன் வீடு திரும்பியதும் மனைவி பானையிலிருந்து உணவை விரைந்து எடுத்து வைக்கிறாள். காலியரோ, அவ்வுணவு பானையில் ஏறியது எவ்வாறு எனக் காட்டுகிறார்: பெண்ணும் வயலில் உழைத்துவிட்டு வந்து, உலையேற்றி, படுக்கை விரித்து, பன்றிக்குத் தீனியிடுகிறாள். உழைப்பு கனவிலும் தொடர்கின்றது என்பது டக்கின் முறையீடு. பெண்ணுக்குக் கனவு காணவே பொழுதில்லை என்பது காலியரின் விடை. முடிவில்லா உழைப்புக்குக் கல்லுருட்டும் சிசிபசை டக் உவமையாக்கினார். நிறையாத கலத்தில் நீர் சொரியும் டானேயசின் மகளிரைக் காலியர் உவமையாக்கினார். பிறர் பாடலை நுணுகிக் கற்றார்க்கன்றி இத்தகைய விடை கூறல் இயலாது. ஆகவே காலியர் புலவர் மட்டுமல்லர். டக்கின் முதன்மையான திறனாய்வாளரும் ஆவார்.

குறைகளும் உள. இருவரும் போப் வழிப்பட்ட ஈரடி இயைபு யாப்பையே கையாண்டனர். தேய்ந்த தொடர்களும் அதனோடு உடன்வந்தன. ஆயினும், செல்வர் மனையில் மென்துணி வெளுக்கும் கைகளினின்று குருதி வடிவதையும், அதற்குக் கூலி ஆறு அல்லது எட்டுப் பென்சு என்பதையும் காலியர் கூறுமிடத்தே தேய்ந்த சொல் ஒன்றும் இல்லை.

காலியர்க்கு அரண்மனைப் புரவலர் வாய்த்திலர். அறுபத்து மூன்றாம் அகவைவரை அவர் துணி வெளுத்தார். நூலின் ஊதியத்தைப் பிறர் கொண்டனர் என 1762ஆம் ஆண்டுத் தொகுப்பில் தாமே குறித்துள்ளார். இவ்விரு பாடல்களையும் ஒரு நூலாக இணைத்து வரலாற்றறிஞர் ஈ. பி. தாம்சன் 1989இல் வெளியிட்டமை தக்கதே. டக்கைத் தனித்துப் பயில்வோர் பாதி உண்மையை முழுமையெனக் கொள்வர். புரவலர் தந்த சிறப்பை அளவுகோலாகக் கொள்ளும் இலக்கிய வரலாறு இழப்பது ஒரு பெயரை மட்டுமன்று. எஞ்சிய பாதி உண்மையையும் ஆம்.