பால் எங்கே போனது?

ஜார்ஜ் ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' (1945) பற்றி ஒப்பிலக்கிய வகுப்பில் பேசும்போதெல்லாம் மாணவிகள் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: அதிகாரம் தலைவர்களைக் கெடுத்துவிடுகிறது. தவறில்லை. ஆனால் இந்த முடிவு நெப்போலியன் என்ற பன்றியின் மனமாற்றத்தை மட்டுமே பார்க்கிறது. யாரிடமிருந்து எதைப் பறித்து அது தலைமைக்கு வந்தது என்று கேட்பதில்லை.

பண்ணை விடுதலையான முதல் நாளே ஐந்து வாளிப் பால் காணாமல் போகிறது. பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் முக்கியம் என்று மற்றவர்களை அனுப்பிவிட்டு வாளிகளின் முன் நிற்பது நெப்போலியன். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் தமக்கென்று வைத்துக்கொள்ளும் இடமே கதையின் திருப்புமுனை என்று ஆர்வெல் பின்னர் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் மனத்தில் இருந்தது 1921இல் ஒடுக்கப்பட்ட கிரான்ஸ்டாட் மாலுமிகளின் எழுச்சி. ஆனால் கதைக்குள் பறிபோவது பசுவின் பால்.

அடுத்து, பால்குடி மறந்ததும் ஜெஸ்ஸி, புளூபெல் ஆகிய இரு தாய்நாய்களிடமிருந்து ஒன்பது குட்டிகள் எடுத்துச் செல்லப்படுகின்றன. கல்வி கொடுப்பதற்காக என்று காரணம் சொல்லப்படுகிறது. அவைதான் பிறகு தலைவரின் அடியாட்கள். தாய்மார் என்ன நினைத்தார்கள் என்று நாவல் சொல்வதில்லை.

பிறகு முட்டை. வாரம் 400 முட்டை விற்க ஒப்பந்தம் போடப்படுகிறது. அடைகாக்கத் தயாராக இருந்த கோழிகள் இதைக் கொலை என்கின்றன. உத்தரத்தில் ஏறி முட்டையிட்டு, அவை கீழே விழுந்து உடையும்படி செய்கின்றன. மனிதன் ஜோன்ஸ் விரட்டப்பட்ட பிறகு பண்ணையில் நடக்கும் முதல் கலகம் இது. தலைமை தாங்குபவை மூன்று இளம் பெட்டைகள். தீனி நிறுத்தப்படுகிறது, ஐந்து நாள் தாக்குப்பிடிக்கின்றன, ஒன்பது கோழிகள் சாகின்றன. நோயில் செத்தன என்று அறிவிப்பு வருகிறது.

வழக்கமான விமர்சனம் இந்தக் கோழிகளைக் கூட்டுப்பண்ணைத் திட்டத்தை எதிர்த்த சோவியத் விவசாயிகள் என்று விளக்கிவிட்டுக் கடந்துபோகும். விளக்கம் சரிதான். ஆனால் நெப்போலியன் ஸ்டாலின், ஸ்னோபால் டிராட்ஸ்கி என்று விடை கண்டுபிடித்துக்கொண்டே போகும்போது முட்டையிட்ட உடல் மறைந்துவிடுகிறது.

ஆர்வெலின் எழுத்திலும் இந்த மறைப்பு உண்டு. கலகம் செய்து உயிர்விட்ட பெட்டைகளுக்குப் பெயரில்லை. நான்கு பெண்பன்றிகள் 31 குட்டிகளை ஈனுகின்றன. பண்ணையில் இனப்பெருக்கத்துக்கு இருக்கும் ஒரே ஆண்பன்றி நெப்போலியன் என்பதால் தகப்பன் யாரென்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். அந்தத் தாய்களுக்கும் பெயரில்லை, பேச்சில்லை. பெயர் பெற்ற மோலி என்ற குதிரையோ ரிப்பனுக்கும் சர்க்கரைக்கும் ஆசைப்பட்டு ஓடிப்போகிறது. பெண் என்றால் அலங்கார ஆசை என்ற பழைய கணக்கு.

சுவரில் எழுதிய சட்டம் மாறியிருக்கிறதோ என்று முதலில் சந்தேகப்படுவது குளோவர் என்ற பெண்குதிரை. எழுத்துகள் தெரிந்தும் அவற்றைச் சொல்லாகக் கூட்டத் தெரியாததால் மியூரியல் என்ற ஆட்டை அழைத்து வாசிக்கச் சொல்கிறது. படுகொலைகளுக்குப் பிறகு மேட்டின் மீது நின்று, நாம் கேட்டது இதுவல்ல என்று உணர்வதும் குளோவர்தான். அதைச் சொல்ல அதனிடம் வார்த்தை இல்லை.

ஆகவே ஏழு கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்படுவதோடு பால், குட்டி, முட்டை என்ற வரிசையையும் சேர்த்து வாசிக்கச் சொல்கிறேன். தலைவர் எப்போது கெட்டார் என்ற கேள்விக்கு விடை அவருடைய குணத்தில் மட்டும் இல்லை. பெண்ணின் உழைப்பும் உடலும் தருவதைப் பொதுச்சொத்து என்று சொல்லி எடுத்துக்கொண்டபோது, அறுவடைதான் முக்கியம் என்று எல்லாரும் நகர்ந்துபோன அந்த முதல் நாளிலேயே அது தொடங்கிவிட்டது.